முந்தின ஸ்டேஷனிலேயே எழுந்துவிடணும்: மும்பையில் ஆறு நாள்

முதல் நாள்

திருநெல்வேலியில் ரயிலேறி ஒன்றரை நாள் ஓடிய பிறகு கல்யாணில் வந்து இறங்கினோம், நானும் அம்மாவும். இருவருக்குமே மும்பை இதுதான் முதல் தடவை. சித்தி முப்பது வருஷத்துக்கு மேலாக டோம்பிவிலியில் இருக்கிறாள். ஒவ்வொரு கோடையிலும் "வா, வா" என்று கூப்பிட்டு அலுத்துப்போய், இந்த வருஷம் கூப்பிடவே இல்லை. அதனால்தானோ என்னவோ, கிளம்பிவிட்டோம்.

நாங்கள் வந்த நாகர்கோவில் வண்டி சி.எஸ்.எம்.டி. (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை போகும். டிக்கெட்டும் அதுவரைக்கும்தான் எடுத்திருந்தேன். சித்தி போனில் சொன்னாள்: "அங்க வரைக்கும் போயி மறுபடி இங்க திரும்பி வரவா போறிய? கல்யாண்லயே இறங்குங்க. நான் வந்து நிக்கேன்." முதன்முதலாக வருகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது. மும்பைக்கு ஒரே ஒரு ஸ்டேஷன் இல்லை. கல்யாண், தாணே, தாதர், சி.எஸ்.எம்.டி., குர்லா பக்கத்தில் லோக்மான்ய திலக் டெர்மினஸ், மேற்கே பாந்த்ரா டெர்மினஸ், மும்பை சென்ட்ரல் என்று தனித்தனியாக இருக்கின்றன. தங்கப்போகிற வீடோ லாட்ஜோ எதற்குப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு அங்கே இறங்குவதுதான் சரி. பெயரை நம்பினால் ஏமாந்துபோவோம். மும்பை சென்ட்ரல் இருப்பது சென்ட்ரல் லைனில் இல்லை, வெஸ்டர்ன் லைனில். மாட்டுங்கா சென்ட்ரல் லைன், மாட்டுங்கா ரோடு வெஸ்டர்ன் லைன். இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன்கள்.

கல்யாணிலிருந்து டோம்பிவிலிக்கு லோக்கல் ரயிலில் இரண்டே ஸ்டேஷன். பெட்டி படுக்கையோடு லோக்கலில் ஏறுவதா என்று அம்மா பயந்தாள். சித்தி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "எக்கா, சாயங்காலம் கூட்டமெல்லாம் ஊருக்குள்ளேருந்து வெளிய வரும். நாம உள்ள போற திசை. உக்காந்தே போலாம்" என்றாள். அப்படியே நடந்தது. காலையில் தெற்கே போகிற வண்டி நிரம்பி வழியும். மாலையில் வடக்கே வருகிற வண்டி நிரம்பி வழியும். எதிர்த் திசையில் மூச்சு விட இடம் கிடைக்கும். மூட்டை முடிச்சோடு வருகிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது.

அம்மா உட்கார்ந்து இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. வண்டி தாக்குர்லியில் நிற்கும்போதே சித்தி அவளை எழுப்பிவிட்டாள். "அடுத்ததுதான நம்ம ஸ்டேஷன்?" என்றாள் அம்மா. "அதுக்குத்தான் எக்கா. முந்தின ஸ்டேஷன்லயே எந்திரிச்சு வாசல்கிட்ட வந்திரணும். வண்டி அரை நிமிசம் நின்னாலே பெருசு." டோம்பிவிலி வந்தது. மூன்று பேர், நான்கு பைகள், யாரையும் இடிக்காமல் இறங்கிவிட்டோம்.

இரண்டாம் நாள்

இன்று எழுத நிறைய இருக்கிறது. லோக்கலில் சி.எஸ்.எம்.டி. போய் வந்தோம்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்றேன். சித்தி முடியாது என்றாள். "அது வேலைக்குப் போறவங்க நேரம். நமக்கு ஊர் சுத்திப் பாக்கணும், அவங்களுக்கு மஸ்டர்ல கையெழுத்துப் போடணும். பதினொண்ணுக்கு மேல போவோம்." நெரிசலில் நமக்கு ஏற்படும் சிரமம் மட்டும்தான் என் மனதில் இருந்தது. நாம் ஏறுவதால் இன்னொருவர் ஏற முடியாமல் போகும் என்பது சித்தி சொன்ன பிறகுதான் உறைத்தது.

பிளாட்பாரத்து இண்டிகேட்டரைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். வண்டி எந்த ஊர் வரை, எத்தனை மணிக்கு, ஃபாஸ்ட்டா ஸ்லோவா, பன்னிரண்டு பெட்டியா பதினைந்து பெட்டியா என்று எல்லாம் அதில் இருக்கும். ஃபாஸ்ட் வண்டி பல ஸ்டேஷன்களைத் தாண்டிப் போய்விடும். இறங்க வேண்டிய இடத்தில் அது நிற்குமா என்று கேட்காமல் ஏறக் கூடாது. லேடீஸ் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பதற்கு பிளாட்பாரத்தில் அடையாளம் உண்டு. வண்டி வந்த பிறகு ஓடித் தேடாமல் முன்பே அங்கே போய் நின்றுவிட வேண்டும். ஆண்களுக்கும் இதில் கவனம் வேண்டும்: சில லேடீஸ் பெட்டிகள் நாள் முழுவதும் பெண்களுக்கு மட்டும், சில குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். மாற்றுத் திறனாளிகளுக்கான பெட்டியும் தனியாக உண்டு. அது காலியாகத் தெரிந்தாலும் நமக்கானது இல்லை.

டிக்கெட் மிகக் குறைவு, இரண்டாம் வகுப்பில் 5 ரூபாயிலிருந்து தொடங்குகிறது. டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு 250 ரூபாய் அபராதம். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு முதல் வகுப்பில் ஏறிவிட்டுத் தெரியாது என்றாலும் விடமாட்டார்கள். அவசரத்தில் இரண்டுக்கும் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. அதனால் பெட்டியின் பக்கவாட்டு எழுத்தைப் பார்ப்பது நல்லது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. காற்று வரட்டும் என்று வாசல் பக்கம் நின்றேன். பின்னாலிருந்து ஒரு பெண் தோளைத் தொட்டு "தாணே?" என்றாள். இது தாணே போகும் வண்டியா என்று கேட்கிறாள் போல என நினைத்துத் தலையாட்டினேன். அவள் என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அவள் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். தாணே வந்ததும் நான் நகரவில்லை. அவ்வளவுதான், முதுகில் ஒரு தள்ளு, பிளாட்பாரத்தில் கிடந்தேன். இறங்கின கூட்டத்தோடு ஏறுகிற கூட்டமும் மோதியது. அந்தப் பெண் திட்டிக்கொண்டே இறங்கினாள். இறங்கினவள் திரும்பிப் பார்த்து, நான் விழித்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்குள் திணித்து மறுபடி உள்ளே ஏற்றிவிட்டாள். அதற்குள் வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"தாணே?" என்றால் "நீ தாணேயில் இறங்குகிறாயா?" என்று அர்த்தம். வாசலில் நிற்பவரிடம் அப்படிக் கேட்பார்கள். ஆமாம் என்றால் அவர் பின்னால் வரிசை போடுவார்கள். இல்லை என்றால் அவரைத் தாண்டி முன்னால் போவார்கள். நாம் ஆட்டுகிற தலைக்கு இங்கே இடமில்லை. வாயால் "நஹீ" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி வழிவிட வேண்டும். அதோடு, பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதும் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். "கிஸ் சைட்?" என்று கேட்டால் நான்கு பேர் ஒரே நேரத்தில் கை காட்டுவார்கள். "புடில் ஸ்டேஷன்" என்று மராத்தியில் அறிவிப்பு வந்தால் அதற்கு அடுத்து வரும் பெயர்தான் வரப்போகிற ஸ்டேஷன்.

உட்காருவதற்கும் ஒரு முறை இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரிடம் "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்கலாம். அவர் "குர்லா" என்றால் அந்த இடம் குர்லாவிலிருந்து உங்களுடையது. மற்றவர்கள் அதை மதிப்பார்கள். ஏற்கெனவே இன்னொருவர் கேட்டிருந்தால், "அவங்களுக்குச் சொல்லியாச்சு" என்று உட்கார்ந்திருப்பவரே சொல்லிவிடுவார். எழுதிவைக்காத இந்த ரிசர்வேஷனை யாரும் மீறி நான் பார்க்கவில்லை. மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவதாக ஒருவர் வந்து நின்றால் மூவரும் கொஞ்சம் நகர்ந்து ஓரத்தில் இடம் கொடுப்பார்கள். அதற்கு 'ஃபோர்த் சீட்' என்றே பெயர். அம்மாவுக்கு அப்படித்தான் இடம் கிடைத்தது. ஹிந்தி ஒரு சொல்கூடத் தெரியாமலே பக்கத்துப் பெண்ணோடு தாதர் வரை பேசிக்கொண்டு வந்தாள்.

சித்தி இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னாள். முதுகுப் பையை முன்பக்கம் மாட்ட வேண்டும். திருட்டுக்காக மட்டும் இல்லை, பின்னால் நிற்பவரின் முகத்தில் நம் பை இடிக்கக் கூடாது என்பதற்காகவும்தான். வாசலில் நின்று போன் பார்க்கக் கூடாது. தண்டவாள ஓரம் நின்று கம்பால் கையில் அடித்துப் போனை விழவைக்கிற ஆட்கள் உண்டு. விழுந்த போனைப் பிடிக்கப் போய் ஆளே விழுந்திருக்கிறார்கள். ஏதாவது ஆபத்து என்றால் ரயிலில் 139, வெளியே 112.

சி.எஸ்.எம்.டி. கட்டடத்தைப் பார்த்து அம்மா அப்படியே நின்றுவிட்டாள். 1888 வாக்கில் முடிந்த கட்டடம், 2004ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று இதே இடத்துக்குப் பக்கத்தில் போரி பந்தரிலிருந்து தாணேக்குக் கிளம்பியது. அண்ணாந்து பார்க்க வேண்டிய கட்டடம்தான். ஆனால் உள்ளே வண்டி வந்து கூட்டம் கொட்டுகிற வழியில் நின்று பார்க்க முடியாது. வெளியே வந்து சாலைக்கு எதிர்ப்பக்கம் போனால் முழுக் கட்டடமும் கண்ணுக்குள் அடங்கும். போட்டோவும் அங்கிருந்துதான் நன்றாக வருகிறது.

மூன்றாம் நாள்

கால்வலி. கொஞ்சமாக எழுதுகிறேன்.

ஆட்டோ தெற்கு மும்பைக்குள் வராது. மேற்கே பாந்த்ராவோடும் கிழக்கே சயானோடும் நின்றுவிடும். அதற்கப்பால் கறுப்பு மஞ்சள் டாக்சிதான். மீட்டர் போட்டு ஓட்டுவது இங்கே பழக்கம். 2025 பிப்ரவரியிலிருந்து முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு ஆட்டோவுக்கு 26 ரூபாய், டாக்சிக்கு 31 ரூபாய். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து விடியற்காலை ஐந்து வரை கால் பங்கு கூடுதல். நம்மூர்ப் பழக்கத்தில் ஏறும் முன் பேரம் பேசினால், அதுவே புது ஆள் என்று காட்டிக்கொடுத்துவிடும். "மீட்டர் சே" என்ற ஒரு சொல் போதும். சில்லறையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இறங்குவது நல்லது. எங்களுக்கு ஓட்டியவர் மீதி நான்கு ரூபாயைத் தேடி எடுத்துக் கொடுத்தார், அம்மா வேண்டாம் என்றும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்பில் வரிசை நிற்கிறது. கம்பியோ காவலோ இல்லை, ஆனாலும் நிற்கிறது. முன்னால் போய் நின்றுவிட்டு அப்புறம்தான் பார்த்தேன், எனக்குப் பின்னால் பன்னிரண்டு பேர். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பெரியவர் கையால் கடைசியைக் காட்டினார். போய் நின்றேன்.

மத்தியானத்துக்குச் சற்று முன் சர்ச்கேட்டில், வீட்டுச் சாப்பாட்டை ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் டப்பாவாலாக்களைப் பார்த்தோம். வெள்ளைத் தொப்பி, தலையில் நீளமான மரத்தட்டு, அதில் வரிசையாகச் சாப்பாட்டு டப்பாக்கள். 1890 வாக்கில் தொடங்கிய தொழில். போட்டோ எடுக்க முன்னால் ஓடினார் ஒரு இளைஞர். டப்பாவாலா நிற்காமல் வளைந்து போனார், தட்டு ஒருபக்கம் சாய்ந்தது. பார்க்கவே பதறியது. யாரோ ஒருவருடைய வீட்டில் காலையில் சமைத்த சாப்பாடு அது. பார்க்க ஆசையிருந்தால் சுவரோரம் நின்று பார்த்தால் போதும்.

நான்காம் நாள்

மாட்டுங்காவும் தாராவியும். இந்த நாளுக்காகத்தான் அம்மா வந்தாள் என்று நினைக்கிறேன். அவளுடைய சித்தப்பா ஒருவர் இளம் வயதில் தாராவிக்கு வந்து தோல் பட்டறையில் வேலை பார்த்தவர், அப்புறம் ஊருக்குத் திரும்பவே இல்லை.

மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கவுண்டர், பரிசோதகர் என எல்லாரும் பெண்கள். 2017லிருந்து அப்படி. வெளியே வந்தால் மல்லிகைப்பூ, வாழையிலை, வெற்றிலை, காப்பித்தூள் வாசம். அம்மா பூக்காரரிடம் தமிழிலேயே விலை கேட்டாள், அவரும் தமிழிலேயே சொன்னார். டிபன் சாப்பிடப் போன இடத்தில் வாசலில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். எங்கள் மேஜையில் முன்பின் தெரியாத இருவரையும் உட்காரவைத்தார்கள். இங்கே இது சாதாரணம். ஒரு சிறு புன்னகை போதும், பேச வேண்டியதில்லை. சாப்பிட்டு முடித்ததும் எழுந்துவிட வேண்டும். வாசலில் பசியோடு நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே காப்பியை ஆற்றிக் கதை பேசுவது இங்கே பெரிய அவமரியாதை.

தாராவியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதுகிறேன். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான இடத்தில் லட்சக்கணக்கான மக்கள் வாழ்ந்து, வேலையும் செய்கிறார்கள். குஜராத்திலிருந்து வந்த குயவர்களின் கும்பார்வாடா இருக்கிறது. தோல், பிளாஸ்டிக் மறுசுழற்சி, தையல், பலகாரம் என்று சந்துக்குச் சந்து தொழில். நம் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே வந்து தோல் பதனிடும் வேலையில் இறங்கியவர்கள். 90 அடிச் சாலையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள். பொங்கலுக்கு அந்தச் சாலையோரத்திலேயே வரிசையாகப் பானை வைப்பார்களாம்.

நான் கைப்பேசியை எடுத்தேன். ஒரு சந்து, வாசலில் ஒரு ஆச்சி வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அழகான காட்சி. சித்தி என் கையை அமுக்கினாள். "ஏட்டி, உன் வீட்டு வாசல்ல வந்து ஒருத்தன் கேக்காம படம் எடுத்தா நீ என்ன செய்வ?" ஊரில் ஒருவன் அப்படிச் செய்தால் அப்பாவே துரத்தியிருப்பார். போனை உள்ளே வைத்தேன். தாராவியைச் சுற்றிக் காட்டுகிற நல்ல வழிகாட்டிகள் போட்டோ எடுக்கவே கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள், அது நியாயம். சந்துகள் ஆள் அகலம்தான், அவை நடைபாதையும் வீட்டு முற்றமும் பட்டறை வாசலும் சேர்ந்தவை. தலையில் சுமையோடு வருகிறவருக்கு முதலில் வழிவிட வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்கக் கூடாது.

அந்த ஆச்சி எங்களைப் பார்த்து, "எந்த ஊரு தாயி?" என்றாள். அம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். ஆச்சி எழுந்து உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்தாள். அம்மாவும் அவளும் வாசற்படியில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினார்கள். சித்தப்பாவைத் தெரியாது என்றாள் ஆச்சி. ஆனாலும் அவர் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள், ஞாபகம் வந்துவிடாதா என்று. படம் எடுத்திருந்தால் இந்த அரைமணி நேரம் கிடைத்திருக்காது.

ஐந்தாம் நாள்

ராத்திரியிலிருந்து மழை. காலையில் சித்தி முதலில் பார்த்தது வானத்தை இல்லை, கடல் ஏற்ற நேரத்தை. கனமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஊர்த் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் நின்றுவிடும். சயான், குர்லா பக்கம் தண்டவாளம் மூழ்கினால் வண்டி அப்படியே நிற்கும். மழைக்காலத்தில் வருகிறவர்கள் திரும்பும் ரயிலையோ விமானத்தையோ பிடிக்கிற நாளில் இரண்டு மூன்று மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்ப வேண்டும். தெற்கே கஃப் பரேடிலிருந்து ஆரே வரை பூமிக்கடியில் மெட்ரோ ஓடுவதால் அந்தத் தடத்துக்கு இப்போது இன்னொரு வழி இருக்கிறது.

2005 ஜூலை 26. அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. சித்தி தெற்கு மும்பை ஃபோர்ட்டில் ஆபீஸ் முடிந்து வந்தவள் குர்லாவில் மாட்டிக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீர். ஒருவர் கையை ஒருவர் பிடித்துச் சங்கிலியாக நடந்திருக்கிறார்கள். பெயர் தெரியாத ஒரு குடும்பம் மாடி வீட்டுக்குக் கூப்பிட்டு, மாற்றுப் புடவை கொடுத்து, பதினாறு பேரை ஒரே அறையில் படுக்கவைத்தது. "அவங்க பேரக் கேக்கல பாரு. காலைல வெளிச்சம் வந்ததும் ஓடி வந்துட்டேன், பிள்ளைங்க தனியா இருக்கேன்னு" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரல் மாறிவிட்டது.

மழை நாளில் செய்யக் கூடாதவை சில உண்டு. தேங்கிய தண்ணீரில் நடைபாதை ஓரமாக நடக்கக் கூடாது, மேன்ஹோல் மூடி திறந்திருக்கலாம். மெரின் டிரைவில் அலையைத் தடுக்கப் போட்டிருக்கும் நான்கு கால் சிமெண்ட் கட்டைகள் மீது ஏறி அலையோடு படம் எடுக்கக் கூடாது, கடல் ஒவ்வொரு வருஷமும் ஆளை இழுக்கிறது. மிக முக்கியமாக, ஸ்டேஷன் நடைபாலத்துப் படிகளில் மழைக்கு ஒதுங்கி நிற்கக் கூடாது. இப்போது பிரபாதேவி என்று பெயர் மாறியிருக்கும் எல்ஃபின்ஸ்டன் ரோடு ஸ்டேஷனில் 2017 செப்டம்பர் 29 அன்று மழை நேரத்தில் பாலத்தில் நெரிசல் ஏற்பட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படியில் நிற்கிற ஒருவர் பின்னால் வருகிற நூறு பேரை நிறுத்திவிடுகிறார். மேலே பாலத்துக்குப் போங்கள், அல்லது கீழே இறங்கி ஓரமாக நில்லுங்கள்.

வெளியே போகவில்லை. சித்தி அடை சுட்டாள்.

ஆறாம் நாள்

காலையில் மழை விட்டதும் சித்திவிநாயகர் கோயில். செவ்வாய்க்கிழமை இல்லை, அதனால் சீக்கிரம் தரிசனம். செவ்வாயன்று போவதாக இருந்தால் பாதி நாளை அதற்கே வைத்துவிட வேண்டும். 2025 ஜனவரியில் உடைக் கட்டுப்பாடு வந்திருக்கிறது. கிழிசல் ஜீன்ஸ், குட்டைப் பாவாடை போட்டவர்களை உள்ளே விடுவதில்லை. அங்கிருந்து ஹாஜி அலி தர்கா. கடலுக்குள் நீளும் பாதை கடல் ஏற்றத்தின்போது மூழ்கிவிடும், எனவே நேரம் கேட்டுக்கொண்டு போகணும். தலையை மூடத் துணி கொண்டுபோனோம்.

திரும்பும் லோக்கலில் அம்மா உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் நேராகப் போய், "கஹாங் உதர்னா?" என்றாள். யாரிடம் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை. அந்தப் பெண் "காட்கோபர், மாவ்ஷி" என்றாள். மாவ்ஷி என்றால் மராத்தியில் சித்தி. காட்கோபரில் அம்மா உட்கார்ந்தாள்.

இரவு கல்யாணில் நாகர்கோவில் வண்டி. எங்கள் பெட்டி எங்கே நிற்கும் என்று சித்தி போர்டைப் பார்த்து, அரைமணி நேரம் முன்பே அந்த இடத்தில் எங்களை நிறுத்திவிட்டாள். பைகளை ஏற்றினோம். ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டு அம்மாவின் கையைப் பிடித்திருந்தாள் சித்தி. இருவருமே பேசவில்லை. எங்கள் வண்டி இன்னும் கிளம்பவில்லை, அடுத்த பிளாட்பாரத்தில் அவளுடைய லோக்கல் வந்தது. அதை விட்டால் அடுத்ததற்கு ராத்திரி நேரத்தில் தனியாகக் காத்திருக்க வேண்டும்.

"போ, போ, வண்டி போயிரும்" என்றாள் அம்மா.

சித்தி கையை விடுவித்துக்கொண்டு, பையை முன்பக்கம் மாட்டியபடி பாலத்துப் படிகளை நோக்கி ஓடினாள்.